மூழ்கிய கப்பலைத் தேடும் வீடியோக்கள்: சின்னப் பிள்ளைகளுக்கு எதைப் போடலாம்?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். மூன்றாவது, நான்காவது படிக்கிற பிள்ளைகள், பாதிக்கு மேல் கடலுக்குப் போகிற வீடு. யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிற கப்பல் வீடியோக்களை இவர்களுக்குப் போட்டுப் பார்த்ததில் ஒன்று தெளிவாகிவிட்டது: கப்பல் மூழ்குவதைக் காட்டுகிற வீடியோவை விட, அதை எப்படித் தேடினார்கள் என்று காட்டுவதுதான் பிள்ளைகளை அசையாமல் உட்கார வைக்கிறது.

முதலிடம் எண்டூரன்ஸ் கப்பலுக்கு. 1915-ல் அண்டார்டிகாவின் வெடல் கடலில் பனிக்கட்டி நெரித்து மூழ்கியது, 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது, அதுவும் கேப்டன் வொர்ஸ்லி சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் குறித்து வைத்திருந்த இடத்துக்குத் தெற்கே சுமார் நாலு மைலில்! கப்பலின் பின்பக்கம் பெயர் எழுத்துகள் பளிச்சென்று தெரிகிற காட்சி வரும், அங்கே நிறுத்திப் பிள்ளைகளையே எழுத்துக் கூட்டிப் படிக்க வையுங்கள். மரம் ஏன் மக்கவில்லை என்று கேட்பார்கள். மரத்தைத் துளைக்கிற புழு அந்தக் குளிர்க் கடலில் கிடையாது என்றால் உடனே புரியும், படகை அரிக்கிற புழுவை இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒரே எச்சரிக்கை, பனியில் சிக்கியவர்கள் நாய்களைச் சுட்ட கதையைச் சில வீடியோக்கள் விவரமாகச் சொல்கின்றன, முன்னாடியே பார்த்து அதைத் தள்ளிவிடுங்கள்.

சோனார் விளக்கம் இருக்கிற வீடியோவாகத் தேடி எடுங்கள். ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புவதை வைத்துப் படம் வரைவதைக் காட்டியதும் ஒரு பையன், "எங்கப்பா போட்லயும் இருக்கு மிஸ், மீன் எங்க நிக்குதுன்னு காட்டும்" என்றான். அப்புறம் அன்றைக்குப் பாடம் நடத்தியது அவன்தான். சோனார் படத்தில் வருகிற தங்க நிறம் கம்ப்யூட்டர் போட்டது என்பதை மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும், பல வீடியோக்கள் சொல்வதில்லை.

அடுத்து ஸ்வீடனின் வாசா. 1628-ல் முதல் பயணத்திலேயே துறைமுகத்துக்குள் கவிழ்ந்த போர்க்கப்பல். 1956-ல் ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் கயிற்றில் ஒரு கருவியை இறக்கி, அது கவ்வி வந்த கறுத்த ஓக் மரத்துண்டை வைத்துக் கண்டுபிடித்தார். 1961-ல் முழுக் கப்பலையும் தூக்கினார்கள். தூக்குகிற பகுதி கறுப்பு வெள்ளைதான், ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை.

டைட்டானிக் வீடியோக்கள்தான் குவிந்து கிடக்கின்றன, பெரும்பாலானவை வேண்டாம். அலறல் இசை, சினிமாக் காட்சியை நிஜம் போலக் காட்டுவது, புதையல் என்று கூவுவது. 1985-ல் கடல் ஆராய்ச்சியாளர்கள் பலார்டும் ஜான் லூயி மிஷேலும் சிதறிக் கிடந்த பொருள்களின் தடத்தைப் பிடித்துப் போய், முதலில் ஒரு கொதிகலனைக் கேமராவில் பார்த்தார்களே, அதைச் சொல்கிற வீடியோ கிடைத்தால் மட்டும் போடுங்கள்.

எனக்குப் பெரிய குறை நம்ம கடல்தான். பூம்புகாருக்கு வெளியே 19 மீட்டரில், கடலுக்குப் போகிறவர்கள் ஆழம் சொல்கிற கணக்கில் சுமார் பத்து பாகத்தில், ஒரு கப்பல் கிடக்கிறது. 1791, 1792 என்று பொறித்த ஈயக் கட்டிகள் அதில் கிடைத்தன. 1761 புத்தாண்டுப் புயலில் புதுச்சேரிக்கு எதிரே ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் போயின. இதையெல்லாம் நாலாம் வகுப்புக்குப் புரிகிற தமிழில் சொல்கிற வீடியோ எனக்குக் கிடைக்கவே இல்லை. உங்களுக்குத் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள், அடுத்த வகுப்பிலேயே போடுகிறேன்.