கருவிழிப் புண்ணில் கிருமியைக் கண்டறிய: ஸ்மியரா, கல்ச்சரா, கான்ஃபோக்கலா, பி.சி.ஆரா?

நெற்கதிரோ கரும்புத் தோகையோ கண்ணில் பட்டு, சில நாட்களில் கருவிழியில் வெண்மையாகப் படர்ந்த புண்ணோடு ஒருவர் வரும்போது, அது பாக்டீரியாவா பூஞ்சையா என்பதுதான் முதல் கேள்வி. ஒன்றுக்கு உரிய மருந்து மற்றதற்கு உதவாது. பூஞ்சை உள்ள கண்ணில் ஸ்டீராய்டு சொட்டு விட்டால் புண் இன்னும் ஆழமாகிவிடும். மதுரையில் 1994-இல் மூன்று மாதங்களில் வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்ந்தவர்களிடம் பாக்டீரியாவும் பூஞ்சையும் தலா 47 விழுக்காடு அளவில் இருந்தன. இப்படிப்பட்ட இடத்தில் ஊகத்தால் மருந்து தொடங்குவது பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குச் சமம்.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தாலே தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். இறகு போன்ற விளிம்பும் சுற்றிலும் சிறு துணைப் புண்களும் பூஞ்சையைச் சுட்டும் என்பது உண்மையே. ஆனால் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், கருவிழி வல்லுநர்களிடம் புண்களின் படங்களைக் காட்டியபோது, 66 விழுக்காட்டில்தான் அவர்களால் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் சரியாகப் பிரித்துச் சொல்ல முடிந்தது. ஃப்ளோரசின் சாயத்தில் கிளைவிட்ட கோடாக ஒளிரும் ஹெர்பீஸ் வைரஸ் புண் மட்டும் இதற்கு விலக்கு. அதைப் பெரும்பாலும் கண்ணால் கண்டே முடிவு செய்யலாம்.

என் கணிப்பில் முதலிடம் ஸ்மியருக்கே உரியது. மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணின் அடியிலும் விளிம்பிலும் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டால், சிறிது நேரத்தில் திசுக் கழிவுகள் கரைந்து, பூஞ்சை இருப்பின் கிளைத்த இழைகள் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். இன்னொரு தகட்டில் கிராம் சாயம் இட்டால் பாக்டீரியா தெரியும். செலவு மிகக் குறைவு; நோயாளி காத்திருக்கும்போதே விடை கிடைக்கிறது; சிறிய ஊரின் ஆய்வுக்கூடத்திலும் செய்ய முடியும். பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தே இதன் நம்பகம் அமையும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

கல்ச்சர், அதாவது கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்ப்பது, மெதுவானது. பாக்டீரியா ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். பூஞ்சைக்குப் பல நாட்கள் ஆகலாம். மேற்சொன்ன மதுரை ஆய்விலேயே 68 விழுக்காட்டினரிடம்தான் கிருமி வளர்ந்தது. சுரண்டிய பொருளைக் கிருமி வளர்க்கும் கூழான அகார் மீது ‘சி’ எழுத்தின் வடிவில் இழுப்பார்கள். அந்தக் கோட்டின் மேல் முளைத்தால் அது கண்ணிலிருந்து வந்தது, கோட்டுக்கு வெளியே முளைத்தால் பெரும்பாலும் காற்றிலிருந்து விழுந்தது. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று நேரடியாகச் சோதித்துப் பார்க்க வளர்ந்த கிருமி கையில் வேண்டும் என்பதால், ஸ்மியர் தெளிவாக இருந்தாலும் கல்ச்சரைக் கைவிடக்கூடாது.

கான்ஃபோக்கல் நுண்ணோக்கி சுரண்டாமலே கருவிழியின் உள்ளடுக்குகளைக் காட்டுகிறது. மேற்பரப்பைச் சுரண்டினால் எட்டாத ஆழத்துப் பூஞ்சை இழைகளுக்கும், காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்களைத் துன்புறுத்தும் அகாந்தமீபா என்ற ஒருசெல் உயிரியின் கூடுகளுக்கும் இதைவிட ஏற்ற துணை இல்லை. பாக்டீரியாவோ இதன் பார்வைக்குப் பெரும்பாலும் அகப்படாத அளவுக்குச் சிறியது. கருவியின் விலையும் அதிகம். வலியால் துடிக்கும் கண்ணை அசையாமல் வைத்திருக்கவும் வேண்டும்.

பி.சி.ஆர். மிகச் சிறிய மாதிரியிலும் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும். ஆனால் இறந்துபோன கிருமியின் மரபணுவையும் இமையோரத்தில் வழக்கமாக வாழும் கிருமியினுடையதையும் சேர்த்தே அது காட்டிவிடும் என்பதால், தனித்து நின்று தீர்ப்புச் சொல்ல அது போதாது.

ஸ்மியரை ஏமாற்றும் கிருமி ஒன்று உண்டு: பைத்தியம் இன்சிடியோசம் (Pythium insidiosum). இழைகளைக் கண்டவுடன் பூஞ்சை என்றே தோன்றும். உண்மையில் அது பூஞ்சை இனமே அன்று. பூஞ்சைக்கு விடும் நட்டாமைசின் சொட்டு மருந்து பற்றிக்கொள்ளும் எர்கோஸ்டெரால் என்ற பொருள் அதன் சவ்வில் இல்லாததால் அந்த மருந்து பயன் தருவதில்லை. லினிசோலிட், அசித்ரோமைசின் போன்ற பாக்டீரியா மருந்துகளைத்தான் நாட வேண்டியுள்ளது. ஆகவே ஸ்மியரில் இழை கண்டு நட்டாமைசின் முறையாக விட்டும் புண் பரவிக்கொண்டே போனால், சொட்டின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன், மீண்டும் சுரண்டி எடுத்து, வளர்ந்த கிருமியைப் புல்லிதழோடு நீரிலிட்டு நீந்தும் வித்துகள் வெளிவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்திலிருந்து மாதிரியை பி.சி.ஆருக்கு அனுப்ப வேண்டும்.