மலைப்பாதையில் மௌனக் கூட்டத்துக்கு: ஓர் எஃகுச் சைக்கிளுடன் நீண்டகால அனுபவம்

வட இங்கிலாந்தின் செட்டில் ஊரிலிருந்து ரிபிள்ஹெட், டென்ட் வழியாகச் செட்பருக்கு அருகிலுள்ள பிரிக்ஃபிளாட்ஸ் குவேக்கர் (ஒரு கிறித்தவப் பிரிவினர்) கூட்ட இல்லத்துக்குச் செல்லும் சுமார் 45 கிலோமீட்டர் மலைப்பாதையில், எஃகுச் சட்டம் கொண்ட நெடும்பயணச் சைக்கிளைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். 1675இல் கட்டப்பட்ட அந்த இல்லத்தில் வழிபாட்டை நடத்தப் போதகர் கிடையாது. ஒரு மணி நேரம் அனைவரும் மௌனமாக அமர்ந்திருப்பர், உள்ளத்தில் உந்துதல் எழுந்தால் எவரும் எழுந்து பேசலாம். ஆகவே, இவ்வண்டி எத்தனை விரைவாகக் கொண்டு சேர்க்கிறது என்று நான் பார்ப்பதில்லை. போய்ச் சேர்ந்த பின் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் நிலையில் என்னை இறக்கிவிடுகிறதா என்பதையே பார்க்கிறேன்.

அந்த வகையில் இவ்வண்டியின் சிறப்பு அதன் கியர்கள்தாம். முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தில் 22 பற்களும், பின்பக்கப் பெரிய சக்கரத்தில் 34 பற்களும் இருப்பதால், மிகத் தாழ்ந்த கியரில் பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ 1.4 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது நடைவேகம். கடைக்காரர்கள் எடை குறைந்த கார்பன் சட்டத்தையே புகழ்வார்கள். ஆனால் ரிபிள்ஹெட்டின் 24 வளைவு ரயில் பாலத்தின் அருகே கடந்து நியூபி ஹெட் மேட்டில் ஏறும்போது முழங்காலைக் காப்பது தாழ்ந்த கியரே அன்றி, சட்டத்தில் குறைந்த ஒரு கிலோ அன்று.

பிரேக்கைப் பற்றி அவ்வளவு நிறைவாகச் சொல்ல இயலாது. சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகை என்பதால், டென்ட்டேல் பள்ளத்தாக்கில் மழையோடு இறங்கும்போது பிடிமானம் தாமதமாகிறது. சாலை மண் பிரேக் கட்டைகளில் ஒட்டி விளிம்பையே அரித்துவிடுகிறது. பின்சக்கர விளிம்பை ஏற்கெனவே மாற்றியாயிற்று. புதிதாக வாங்குவோர் டிஸ்க் பிரேக்கையே கேட்பது நல்லது.

பைகளில் எனக்குக் குறையே இல்லை. பெண்டில் மலையடிவாரத்து நெல்சன் ஊரில் தோன்றிய காரடைஸ் நிறுவனத்தின் பருத்திக் கான்வாஸ் பை அது. நனைந்ததும் நூலிழைகள் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால் உள்ளே ஈரம் இறங்குவதில்லை. 1652இல் குவேக்கர் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஃபாக்ஸ் ஏறிய மலையும் அந்தப் பெண்டில்தான். மௌனத்தில் அமர வருவோருக்கு இன்னொன்று: நைலான் மழைச்சட்டையின் சரசரப்பு அந்த அறையில் இடிபோல் கேட்கும்; கம்பளி உடையும், அடியில் உலோகக் கவ்வி இல்லாத சாதாரணக் காலணியும் போதும்.

1652 ஜூன் 13இல் ஃபாக்ஸ் சுமார் ஆயிரம் பேருக்கு உரையாற்றிய, செட்பருக்கு அருகிலுள்ள ஃபர்பேங்க் ஃபெல் குன்றின் பாறைக்கும் 35 மில்லிமீட்டர் டயர்கள் தடுமாறாமல் ஏறிவிடும். திரும்பும் வழியில்தான் தென்மேற்குக் காற்று எதிர்த்து வரும். ரயிலில் திரும்பலாம் என எண்ணுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: டென்ட் ரயில் நிலையம் ஊரிலிருந்து 6 கிலோமீட்டருக்கும் அப்பால், சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதற்குச் செல்லும் செங்குத்துச் சாலைக்கும் அந்த 22 பற்கள் தேவைப்படும்.