பென்சிலால் வரைந்த கட்டில்: 16 மாதச் சேமிப்பு போன கதை

நேற்று முன்தினம் மாலை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன், வீடு வேண்டாம் என்ற கடிதத்தில். முன்பணம் திரும்ப வராது என்பதும் அதே தாளில்தான் அச்சாகியிருந்தது. போனது 16 மாதச் சேமிப்பு. தொகையை எண்ணாகச் சொன்னால் ஒருவருக்கு மலைப்பாக இருக்கும், இன்னொருவருக்கு "இவ்வளவுதானா" என்று இருக்கும். அதனால் மாதக் கணக்கில் சொல்கிறேன். என் சம்பளமும் மனைவியின் சம்பளமும் சேர்ந்து, வீட்டுச் செலவு போக மிச்சம் பிடித்த 16 மாதம்.

புதிதாகக் கட்டும் வீட்டை வாங்கப் போய், இரண்டு வரைபடங்களை மேசைமேல் விரித்து "எது வேண்டும்?" என்று கேட்கப்படும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று பத்துக் குறிப்புகளைக் கடைசியில் தருகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரே மாதிரி வீடுகளை வரிசையாகக் கட்டி, கட்டி முடிப்பதற்குள் விற்றுவிடும் வகை. வாசலருகே ஒரு மாதிரி வீடு, பக்கத்தில் குளிர்சாதன அறை, உள்ளே வழவழப்பான தாள்கள், கேட்காமலே வரும் தண்ணீர்ப் பாட்டில்.

ஏ வகை, பி வகை என்று இரண்டு வரைபடங்கள். இரண்டும் மாடி வீடு. மொத்தப் பரப்பு ஒன்று, விலையும் ஒன்று. ஏ வகையில் வாசலைத் திறந்ததும் பெரிய கூடம், அதிலிருந்து நீண்ட நடைவழி, அதன் கோடியில் கீழ்த்தளப் படுக்கையறையும் குளியலறையும். பி வகையில் கூடம் சிறியது, நடைவழியே கிடையாது, கீழ்த்தள அறையின் கதவு கூடத்தில் திறக்கிறது. என் மனைவி ஐந்து நிமிடத்தில் பி என்று சொல்லிவிட்டாள். "நடந்து கடக்கிற இடத்துக்கெல்லாம் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?" என்றாள். எனக்கு ஏ வகையின் கூடம் கண்ணை விட்டு அகலவில்லை. அந்தப் பக்கத்துச் சுவரில் இதை மாட்டலாம், இந்தப் பக்கம் பிள்ளைகள் படிக்க மேசை போடலாம் என்று நின்ற இடத்திலேயே குடித்தனம் நடத்தத் தொடங்கிவிட்டேன்.

ஆனால் நாங்கள் வீடு தேடியதற்குக் காரணம் கூடம் இல்லை. அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி, வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். மாடி ஏற முடியாது. கீழ்த்தளத்தில் ஓர் அறையும் அதை ஒட்டிக் குளியலறையும் வேண்டும், அவ்வளவுதான்.

இதை அந்த விற்பனைப் பிரதிநிதியிடம் சொன்னேன். சின்னப் பையன், அவசரப்படுத்தாதவன். உடனே அவன் கேட்டது இது: "அம்மா கட்டிலை விட்டு இறங்கும்போது வலப்பக்கம் இறங்குவார்களா, இடப்பக்கமா சார்?" அம்மா இடப்பக்கம்தான் இறங்குவார், வலது காலில்தான் அறுவை சிகிச்சை. இந்தக் கேள்வியை என் கூடப்பிறந்த அண்ணன் இதுவரை கேட்டதில்லை. நான் பதில் சொன்னதும் அவன் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஏ வகை வரைபடத்தில் கீழ்த்தள அறையின் ஜன்னலோரம் ஒரு கட்டிலை வரைந்தான். தலைமாட்டில் மாத்திரை வைக்க ஒரு சின்ன வட்டம். கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஓர் அம்புக்குறி. "காலை வெயில் நேராக இங்கே விழும் சார். அம்மாவுக்கு இதம்."

அங்கே விழுந்தவன்தான் நான். மனைவி என் முழங்கையைத் தொட்டாள்; நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏ வகையில் இரண்டு மனைகள்தான் மீதம் இருக்கின்றன என்றான். அன்று மாலையே முன்பணம் கட்டினேன், 16 மாதச் சேமிப்பையும் ஒரே தடவையில். அந்தப் பென்சில் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் காட்டுவதற்காக வேகவேகமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "என் கட்டிலா இது?" என்று கேட்டார். சந்தோஷத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன்.

சுவர் எழும்பிப் பூச்சும் முடிந்த பிறகு உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைத்தது. டேப் எடுத்துப் போனேன். தாளில் அம்மாவின் அறை 3.0 மீட்டருக்கு 2.7 மீட்டர். டேப்பில் 2.77-க்கு 2.47. மறுபடி பிடித்தேன், அதே 2.77, அதே 2.47. அங்கிருந்த பொறியாளர் சிரிக்காமல் விளக்கினார்: தாளில் போட்டிருப்பது ஒரு சுவரின் நடுவிலிருந்து எதிர்ச்சுவரின் நடு வரைக்குமான அளவாம், மையக்கோட்டு அளவு. சுவரின் கனம் 20 சென்டிமீட்டர். இருபக்கமும் பாதிப் பாதி சுவரை நான் விலைக்கு வாங்கிய அறைக்குள் சேர்த்திருக்கிறார்கள். பூச்சுக்கு ஒரு பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் தனி. 8.1 சதுர மீட்டர் என்று நம்பிய அறை 6.84 ஆனது.

அது மட்டும் என்றால்கூடப் பொறுத்திருப்பேன். ஜன்னல் சுவரின் மூலையில் தரையிலிருந்து கூரை வரை ஒரு பெட்டி கட்டியிருந்தார்கள், சுவரோரமாக 60 சென்டிமீட்டர், அறைக்குள் 45 சென்டிமீட்டர். என்ன என்று கேட்டால், மாடிக் குளியலறையின் கழிவுக் குழாய். மாடிக் குளியலறை சரியாக அம்மாவின் அறைக்கு மேலே இருக்கிறது. அதன் குழாய் எங்கே இறங்கும்? அம்மாவின் தலைமாட்டில்தான் இறங்கும். இரவில் மாடியில் யார் தண்ணீர் ஊற்றினாலும் அம்மாவுக்குக் கேட்கும். பி வகையில் மாடிக் குளியலறை கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே இருக்கிறது; குழாய் குளியலறைக்குள்ளேயே இறங்கி முடிந்துவிடுகிறது. இரண்டு தளங்களின் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்திருந்தால் நான் அன்றே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டிலுக்கு வருகிறேன். 2.47 மீட்டர்ச் சுவரில் பெட்டி 60 சென்டிமீட்டரைத் தின்றுவிட்டால் மீதி 1.87. அம்மாவின் கட்டில் நீளம் 1.90. மூன்று சென்டிமீட்டர்! வேறு சுவரோரம் போட்டால் அறைக் கதவு கட்டிலில் இடிக்கிறது. அன்றிரவு மகளின் அளவுகோலை வாங்கி அந்தப் பென்சில் படத்தை அளந்தேன். தாளில் 6 சென்டிமீட்டர் உள்ள சுவருக்கு 3 மீட்டர் என்று போட்டிருந்தது, அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு அரை மீட்டர். அவன் வரைந்த கட்டில் 2.6 சென்டிமீட்டர். 1.30 மீட்டர் நீளக் கட்டில்! மகளுக்கே அது போதாது. அச்சடித்த சோபாவும் அப்படித்தான்: தாளில் 60 சென்டிமீட்டர் ஆழம், எங்கள் சோபா 90. அந்தக் கூடம் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அம்மா கேட்டாரே, "என் கட்டிலா இது?" என்று. அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

நடைவழியையும் அளந்தேன், வயிற்றெரிச்சலுக்கு. 6 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், 6.6 சதுர மீட்டர். பெட்டியைக் கழித்தால் அம்மாவின் அறை 6.57. நடக்கிற இடம் படுக்கிற அறையைவிடப் பெரிது. மனைவி ஐந்து நிமிடத்தில் கண்டதைக் கண்டுபிடிக்க எனக்கு 16 மாதச் சேமிப்பு செலவாகியிருக்கிறது. அவள் இதுவரை "நான் அப்போதே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிவிட்டால் தேவலை.

காலை வெயிலும் பொய்தான். மாதிரி வீட்டின் வரைபடம் எங்கள் மனையில் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறிக் கட்டப்பட்டிருக்கிறது. கிழக்கே இருந்த ஜன்னல் மேற்கே போய்விட்டது. குளியலறைக் கதவின் திறப்பு 60 சென்டிமீட்டர், அம்மாவின் வாக்கர் 63. மாதிரி வீட்டில் இது எப்படித் தெரியாமல் போனது என்று திரும்பப் போய்ப் பார்த்தேன். அங்கே உள்ளறைகள் எதற்கும் கதவே இல்லை. நிலைகூட வைக்காமல் வெறும் திறப்பாக விட்டிருக்கிறார்கள். கதவு இல்லாத வீடு விசாலமாகத்தான் தெரியும்.

இனி அவர்கள் பதில்கள். பென்சில் பையன் வேறு திட்டத்துக்கு மாற்றலாகிவிட்டானாம். அவன் இருக்கையில் இருந்த பெண் தாளின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார்: "படம் விளக்கத்துக்கு மட்டும்." பென்சில் கட்டிலைக் காட்டினேன். "அது நாங்கள் அச்சடித்தது இல்லையே சார்" என்றார். பி வகைக்கு மாற்றித் தாருங்கள் என்றேன். மாற்றினால் பழைய ஒப்பந்தம் ரத்தாகும், முன்பணம் போகும், புதிதாக முன்பணம் கட்ட வேண்டும் என்றார். மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றால் கூட்டத்தில் இருக்கிறார். மறுநாள் போனால் வெளியூரில் இருக்கிறார். தொலைபேசியில் ஒருவர், "சின்னக் கட்டில் வாங்கிக்கொள்ளலாமே சார்" என்றார். யோசனையாகவே சொன்னார், கிண்டலாகக்கூட இல்லை. மூன்று கடிதங்கள் கொடுத்தேன். ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது: தங்கள் கருத்துக்கு நன்றி.

கையெழுத்துப் போட்டது நான்தான், மறுக்கவில்லை. ஒப்பந்தத்தில் அறைகளின் அளவே இல்லை, மொத்தப் பரப்பு மட்டும் இருக்கிறது. அதைப் படித்தும் கையெழுத்துப் போட்டேன். அம்மா நுழைய முடியாத குளியலறைக்கு இருபது வருடம் தவணை கட்டுவதைவிட 16 மாதச் சேமிப்பை விடுவது மேல் என்று முடிவு செய்து வெளியே வந்தோம். எழுதும்போதே கை நடுங்குகிறது. 16 மாதம்.

பத்துக் குறிப்புகள் என்று சொன்னேன். இப்போது அவ்வளவு பொறுமை இல்லை, நினைவுக்கு வருவதை எழுதுகிறேன்.

தாளில் இருப்பது உள்ளளவா, மையக்கோட்டு அளவா என்று எழுத்தில் கேளுங்கள். பூச்சுக்குப் பிந்தைய உள்ளளவு அறைவாரியாக ஒப்பந்தத்தில் ஏறாமல் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் கட்டில், சோபா, பீரோ எல்லாவற்றையும் அளந்து, அதே அளவில் காகிதத்தில் வெட்டி வரைபடத்தின்மேல் வையுங்கள். அவர்கள் வரைந்ததை நம்பாதீர்கள், அச்சடித்ததாக இருந்தாலும் சரி, பென்சிலாக இருந்தாலும் சரி. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் அதிலேயே பாருங்கள்.

மாடித் தாளைக் கீழ்த்தளத் தாளின்மேல் வைத்துக் குழாய் எங்கே இறங்குகிறது என்று கேளுங்கள். உங்கள் மனையில் இடவலம் மாறுகிறதா என்றும் கேளுங்கள்.

மாதிரி வீட்டில் கதவு இருக்கிறதா என்று பாருங்கள்.

மற்றதை ஆத்திரம் தணிந்த பிறகு எழுதுகிறேன். நாளைக் காலை நான்காவது கடிதத்தோடு போகிறேன். இந்த முறை பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் கையெழுத்தும் வாங்காமல் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப்போவதில்லை. பென்சில் படத்தின் நகலை இணைத்திருக்கிறேன். அசலைக் கேட்டார்கள், கொடுக்கவில்லை.