குதிரைச் சவாரிக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

வயல்வெளியும் காடுமாக இரண்டு மணி நேரச் சவாரி, முன் அனுபவம் தேவையில்லை, பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார் என்று விளம்பரம் செய்யும் ஒரு கிராமப்புற லாயத்தில் நானும் அக்காவும் ஏமாற்றப்பட்டோம். பணம் போனதைவிட, அக்கா விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பியதுதான் எனக்கு ஆறவில்லை. இப்படிப்பட்ட இடங்களைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். போனில் கேட்டதெல்லாம் எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்பது மட்டும்தான். எங்கள் எடை என்ன, இதற்கு முன் குதிரை ஏறியிருக்கிறோமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒழுங்கான லாயத்தில் முதலில் கேட்பதே இதைத்தான். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் 8 குதிரைகள்மீது, அவற்றின் உடல் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என்று பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். 25 சதவீதத்தைத் தொட்டதும் முதுகுத் தசைகளில் வலியும் இறுக்கமும் கூடின. அதனால்தான் பல இடங்களில் 20 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 400 கிலோ குதிரை என்றால் ஆளும் சேணமும் சேர்த்து 80 கிலோ. எடையைக் கேட்காதவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது.

போய்ப் பார்த்தால் படத்தில் இருந்த குதிரைகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. பிறகு அந்தப் படங்களை இணையத்தில் போட்டுத் தேடினேன். வேறொரு நாட்டுப் பண்ணையின் பக்கத்திலிருந்து எடுத்தவை அவை. நிஜத்தில் நின்றவற்றுக்கு விலா எலும்பு தெரிந்தது. தோளுக்கு மேலே, சேணம் உட்காரும் இடத்தில், பழுப்புக் குதிரைக்குத் திட்டுத்திட்டாக வெள்ளை முடி. அது பிறவி மச்சம் என்றார்கள். பொருந்தாத சேணம் பல நாள் அழுத்திக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் இப்படித்தான் வெள்ளையாக முளைக்கும். இன்னொன்றுக்கு, சேணம் நகராமல் வயிற்றைச் சுற்றி இழுத்துக் கட்டும் வயிற்று வார் உரசி உரசித் தோலே போயிருந்தது. ஈ மொய்த்துக்கொண்டிருந்த அந்தப் புண்ணின் மேலேயே வாரைக் கட்டினார்கள். அந்த வாயில்லா ஜீவன் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு வாலை அடித்துக்கொண்டே நின்றது. “குணமே அப்படித்தான், பயப்படாதீர்கள்” என்றார் வழிகாட்டி. வலிக்கிறது என்பதை ஒரு குதிரை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்?

அப்புறம் ஹெல்மெட். கொடுத்தது சைக்கிள் ஹெல்மெட், தாடைப்பட்டையில் கொக்கி உடைந்திருந்தது. குதிரைச் சவாரிக்கான ஹெல்மெட் வேறு, பின்மண்டையை இன்னும் கீழிறங்கி மூடும். அதற்கென்றே தனியாகச் சோதனை உண்டு. ஏஎஸ்டிஎம் எஃப்1163 போன்ற தர எண் உள்ளே ஒட்டியிருக்கும். வேறு இருக்கிறதா என்று கேட்டோம். மெதுவாகத்தான் போகப்போகிறோம், இதுவே போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தாளில் அவசரமாகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அக்கா விழுந்ததற்குக் காரணம் வயிற்று வார். வார் கட்டும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். நாலடி நடந்ததும் வயிறு இறங்கி வார் தளர்ந்துவிடும். ஆளை ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை, கொஞ்ச தூரம் போனபின் இன்னொரு தடவை என்று இழுத்துப் பார்ப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. எங்கள் வழிகாட்டியோ ஏற்றிவிட்ட கையோடு போனை எடுத்தவர், திரும்பியே பார்க்கவில்லை. முன்குதிரைக்கும் பின்குதிரைக்கும் குறைந்தது ஒரு குதிரை நீளமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் முன்னது உதைக்கும். அதையும் அவர் சொல்லவில்லை. ஒரு சரிவில் அக்காவின் சேணம் அப்படியே பக்கவாட்டில் சுழன்றது. நல்ல வேளையாக, சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடியிலிருந்து கால் கழன்றது. மாட்டியிருந்தால் குதிரை அவளை இழுத்துக்கொண்டே ஓடியிருக்கும். குதிகால் இல்லாத தட்டைச் செருப்போடு யார் ஏறினாலும் இந்த ஆபத்து உண்டு. ஏற வந்தவர்களின் கால்களை அங்கே யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

முதலுதவிப் பெட்டி இல்லை. அவள் ஒழுங்காக உட்காராததுதான் காரணம் என்று பழியையும் அவள்மேலேயே போட்டார்கள். மீதி நேரத்துக்கான பணத்தைக் கேட்டதற்கு, பாதியில் நிறுத்தியது நீங்கள்தானே என்றார்கள். காப்பீட்டு விவரம் கேட்டோம், அந்தக் கையெழுத்துத் தாளை நீட்டினார்கள்.

எந்த ஊராக இருந்தாலும் சரி, முடிந்தால் முதலில் பணம் கொடுக்காமல் லாயத்தை ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். சேணம் ஏற்றாத குதிரையின் முதுகைக் காட்டச் சொல்லுங்கள். நல்லவர்கள் பெருமையோடு காட்டுவார்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு குதிரை சும்மா நின்றாலே நாளுக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்கும். குளம்பை எப்போது சீவினார்கள் என்று கேளுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை அது. ஓட்டமாக நடத்திக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. முன்னங்காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் தலை மேலே தூக்கினால் அந்தக் கால் வலிக்கிறது, அதன்மேல் ஏறாதீர்கள். முன்பணம் கட்டியாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

மருத்துவச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, குதிரைகளின் புண்களை எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகாரும் விலங்கு நலப் புகாரும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் இதுவரை ஒரு பைசா திருப்பித் தரவில்லை. விளம்பரம் இன்னும் அதே படங்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு எங்காவது இதே மாதிரி உங்களுக்கு நடந்திருந்தால் படங்களை அழித்துவிடாதீர்கள், குதிரையின் முதுகும் வயிற்று வாரும் தெரிகிற படங்களை முக்கியமாக. தேதியோடு பத்திரமாக வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.