ஸ்ட்ரெப் தொண்டைக்குப் பத்து நாள் மருந்தா, ஐந்து நாள் மருந்தா?

தொண்டை வலியோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸ்தான் காரணம் என்பதால், இருமலும் மூக்கொழுகலும் குரல் கம்மலும் சேர்ந்திருந்தால் ஆன்டிபயாடிக் எதுவும் பயன்படாது. மாறாக, இருமலே இல்லாமல் திடீரெனக் காய்ச்சல் ஏறி, டான்சில்கள் வீங்கிச் சீழ்ப்புள்ளிகள் படர்ந்து, தாடைக்குக் கீழே நெறி கட்டித் தொட்டால் வலித்தால், குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். தொண்டையைப் பார்த்தே முடிவு கட்டாமல், விரைவுப் பரிசோதனையிலோ, தொண்டையில் எடுத்த மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரிலோ அதை உறுதிசெய்துகொள்வது நல்லது. உறுதியான பிறகுதான் எந்த மருந்து என்ற கேள்வியே எழுகிறது.

பலரும் விரும்புவது அசித்ரோமைசின். நாளுக்கு ஒரு வேளை, ஐந்தே நாள். திசுக்களில் நெடுநேரம் தங்கும் மருந்து என்பதால் இந்தக் குறுகிய காலம் போதுமானதாகிறது. ஆனால் இந்த வகை மருந்துகள் பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் ஒட்டிப் புரத உற்பத்தியைத் தடுப்பவை. அந்த ஒட்டுமிடத்தை மாற்றிக்கொண்டு தப்பிக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்கள் உலகின் பல பகுதிகளில் பரவியிருக்கின்றன. அப்படிப்பட்ட கிருமி தொண்டையில் இருந்தால், ஐந்து நாளும் தவறாமல் விழுங்கியும் அது ஒழியாமல் போகலாம்.

பெனிசிலின் 1940களிலிருந்தே புழக்கத்தில் இருந்தும், அதற்கு அடங்காத குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோயாளிகளிடம் இதுவரை கண்டறியப்படவில்லை என்பது மருத்துவத்தில் அபூர்வமான நற்பேறு. அதே குடும்பத்து அமாக்ஸிசிலின் சிரப்பின் சுவை குழந்தைகளுக்குப் பிடிக்கிறது, நாளுக்கு ஒரு வேளையாகவும் கொடுக்கலாம். ஆகவே குழந்தைகளுக்கு அதையே நான் முன்வைப்பேன். இரண்டுக்கும் உள்ள குறை ஒன்றே: பத்து நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டு, பிள்ளை பழையபடி சாப்பிடத் தொடங்கிவிட, பாதிக்கு மேல் மீந்த சிரப் பாட்டில் குளிர்சாதனப் பெட்டியின் ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறது.

அந்த மீதி நாள்கள் வலிக்காக அல்ல, இதயத்துக்காக. தொண்டையில் கிருமி ஒழியாவிட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்து உடலின் எதிர்ப்பாற்றலே திசைமாறி மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். நோய் தொடங்கி 9 நாள்களுக்குள் மருந்தை ஆரம்பித்தாலும் இதைத் தடுக்க முடியும் என்பதால், பரிசோதனை முடிவுக்காக ஓரிரு நாள் காத்திருப்பதில் ஆபத்தில்லை.

பத்து நாள் தொடர்வது நடக்காது என்று தோன்றினால், பென்சத்தீன் பெனிசிலின் ஊசி ஒன்றே போதும்: 27 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 6 லட்சம் அலகு, அதற்கு மேல் 12 லட்சம். போட்ட இடம் நன்றாகவே வலிக்கும். ஆனால் ஒரு வேளைகூடத் தவறவிட வழியில்லை.

பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. முன்பு லேசான தடிப்பு மட்டும் வந்தவர்களுக்கு மருத்துவர் பெனிசிலினுக்கு நெருங்கிய உறவான செபலெக்ஸின் பத்து நாள் தரக்கூடும்; மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தவர்களுக்கு அதையும் தவிர்த்து, கிளிண்டாமைசின் அல்லது அசித்ரோமைசினைத் தேர்வுசெய்வார். ஐந்து நாள் மருந்துக்கு உரிய இடம் அதுதான்.