ராத்திரி இரண்டரை மணிக்கு 14416: ஒரு பயிற்சி மருத்துவரின் அனுபவம்

2021 மே மாதத்தில் நான் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர். இப்போது வேறொரு கல்லூரியில் மெடிசின் பிஜி, அதாவது பொது மருத்துவத்தில் மேற்படிப்பு. 14416 என்ற மனநல உதவி எண்ணில் மூன்று முறை பேசியிருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் விவரம். இது மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். 24 மணி நேரமும் உண்டு. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

எதிர்முனையில் இருப்பவருக்கு நம்மைத் தெரியாது. எங்களுக்கு அதுதான் பெரிய வசதி. என் கல்லூரியிலேயே சைக்கியாட்ரி (மனநல) ஓ.பி. இருக்கிறது. ஆனால் அங்கே சீட்டு போட்டு உட்கார்ந்தால், உள்ளே இருப்பவர் ஹாஸ்டலில் என் பக்கத்து அறைக்காரர். அந்தக் கூச்சத்திலேயே நாட்களைக் கடத்தினேன்.

முதல் அழைப்பு, ராத்திரி இரண்டரை மணிக்கு, ஹாஸ்டல் மொட்டை மாடியிலிருந்து. அன்று மதியம் வார்டுக்கு வெளியே யாரோ ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் என் கை நடுங்கியது. நோயாளியின் நரம்பில் ஐ.வி. லைன் போட முடியாமல் ஜூனியரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அப்புறம் தூக்கமே வரவில்லை.

எடுத்தவர் ஒரு பெண் கவுன்சலர். பெயர் கேட்டார், வேண்டாமே என்றேன், சரி என்று விட்டுவிட்டார். 2021-ஐப் பற்றிக் கொட்டித் தீர்த்தேன். அந்த மே மாதம்தான் தமிழ்நாட்டில் ஒரே நாளில் கொரோனா தொற்று 36,000-ஐத் தாண்டியது. படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்ஸ்கள் வாசலில் வரிசையாக நிற்கும். பல்ஸ் ஆக்சிமீட்டரோடு ஒவ்வொன்றாக ஏறி இறங்குவோம். பிபிஇ கிட் என்ற பாதுகாப்பு உடையை மாட்டினால் ஆறு மணி நேரம் தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. ஏப்ரல் 18-இல் நடக்க வேண்டிய, பிஜி சேர்க்கைக்கான நீட் பிஜி தேர்வு செப்டம்பர் 11-க்குத் தள்ளிப் போனது, கவுன்சிலிங் மறு ஆண்டு ஜனவரிக்கு. புது பிஜிக்கள் வராததால் மூன்று பிஜி பேட்ச் பார்க்க வேண்டிய வேலை இரண்டு பேட்ச் தலையிலும் ஹவுஸ் சர்ஜன்களான எங்கள் தலையிலும் விழுந்தது.

நடுவில், "பதினேழாம் பெட் போன அன்னிக்கு" என்று ஏதோ சொன்னேன். அந்தப் படுக்கையில் இருந்த நோயாளி இறந்த நாளைத்தான் அப்படிச் சொன்னேன்.

"அவர் பேர் என்னங்க?" என்று கேட்டார்.

நினைவுக்கு வரவில்லை. அவர் மகளுக்குப் போனில் தகவல் சொன்னதே நான்தான். அந்த மகள் அழுத குரல் நினைவிருக்கிறது. இறந்தவரின் பெயர் நினைவில் இல்லை. அங்கேதான் அழுதேன். கவுன்சலர் குறுக்கே எதுவும் பேசவில்லை, நான் அழுது முடிக்கும்வரை லைனிலேயே இருந்தார்.

பர்ன் அவுட் என்றால் களைப்பு என்றுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். பர்ன் அவுட்டை அளக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் உருவாக்கிய அளவுகோலில் மூன்று கூறுகள் உண்டு: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் மனிதராகவே தெரியாமல் போவது, செய்வது எதிலும் பயனில்லை என்று தோன்றுவது. பரீட்சைக்குப் படித்ததுதான். இரண்டாவது எனக்கே வந்திருக்கிறது என்பது அந்தக் கேள்வியில்தான் புரிந்தது.

பிறகு தூக்கம், சாப்பாடு பற்றி விசாரித்தார். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டார். அப்படித்தான் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. நோயாளிகளிடம் இதையே கேட்க நான் எத்தனை முறை சுற்றி வளைத்திருக்கிறேன்! 35 நிமிடம் பேசினோம். அடுத்த அழைப்பில் மனநல மருத்துவரோடு இணைத்தார்கள். அவர் சொன்னபடி, என் கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் இப்போது நேரில் சிகிச்சை எடுக்கிறேன். தூக்கம் திரும்பியிருக்கிறது. சிலிண்டர் சத்தம் இன்னும் பிடிக்கவில்லை.

எங்கள் டியூட்டி நேரத்தை எந்தப் போன் அழைப்பும் குறைக்காது. தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே சொல்லிவிட்டது. நான் 30 மணி நேரம் நிற்கும் நாட்கள் இப்போதும் உண்டு. கவுன்சலரிடம் அதற்கு மருந்து கேட்பது நியாயமில்லை, கேட்க வேண்டிய இடம் வேறு.

கூப்பிடுவதானால் இயர்போனோடு தனியிடம் பாருங்கள், டியூட்டி ரூம் வேண்டாம். உயிரை விடும் எண்ணம் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகாவின் எண் 044-24640050. எங்கள் டியூட்டி ரூம் சுவரில் பிளட் பேங்க் எண்ணுக்குக் கீழே இரண்டையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.