ஓராண்டா, ஈராண்டா? மூளை ரத்தநாளச் சிகிச்சைப் பயிற்சியில் என் தேர்வு

நரம்பியலில் டி.எம். என்ற உயர்சிறப்புப் பட்டத்தை முடிக்கும் தறுவாயில் இருக்கும் இளையவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ஓராண்டு ஃபெலோஷிப் போதுமா?" கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை ரத்தநாளம் வழியே மூளைக்குச் செலுத்தி, பக்கவாதம் உண்டாக்கும் அடைப்பை நீக்குவது போன்ற சிகிச்சைகளுக்கான பயிற்சி அது. எனக்கு ஓராண்டு, ஈராண்டு என இரண்டு இடங்களும் கிடைத்தன. ஈராண்டுப் பயிற்சியில் சேர்ந்தேன். இன்றும் அதையே சொல்வேன்.

கதிரியக்கவியலில் எம்.டி. படித்தவர்களுக்கு வேறு பாதை உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்றவற்றில் இந்தச் சிகிச்சையையும் உள்ளடக்கிய 3 ஆண்டு டி.எம். இருக்கிறது; அவர்கள் அதற்கே முயலட்டும்.

ஓராண்டுப் பயிற்சியின் ஈர்ப்பு எனக்குப் புரியாமல் இல்லை. எம்.பி.பி.எஸ்., எம்.டி., டி.எம். என்று பதினொன்றரை ஆண்டுகள் போன பிறகு, வீட்டில் வருமானத்தை எதிர்பார்ப்பார்கள். கருவிகளிலும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது கை.

முதல் மாதங்களில் நமக்குக் கிடைப்பது உப்புநீர்க் குழாய்கள்தாம். கத்தீட்டருக்குள் அழுத்தத்தோடு உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இணைப்பில் ஒரு காற்றுக்குமிழி ஒளிந்திருந்தால் அது நேரே மூளைக்குப் போகும். விரலால் குழாயைச் சுண்டிச் சுண்டி அந்தக் குமிழியை வெளியேற்றப் பழகவே எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. பிறகு தொடைத் தமனியில் ஊசி, கழுத்துத் தமனி, அதன் பிறகுதான் மண்டைக்குள் தலைமுடி போன்ற கம்பி. அடைப்பைத் தாண்டி ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை விரித்துச் சில நிமிடங்கள் காத்திருந்து, ரத்த உறைவோடு சேர்த்து உறிஞ்சிக்கொண்டே இழுக்க வேண்டும். எவ்வளவு வேகமாக இழுப்பது என்பதைப் பிறர் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. என் கை அதை உணரத் தொடங்கியபோது பதினான்காவது மாதம். ஓராண்டில் சேர்ந்திருந்தால் அதற்கு முன்பே சான்றிதழோடு வெளியே வந்திருப்பேன்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் கோத்தகிரி. அது என் ஊர். அங்கிருந்து கோவைக்குச் சுமார் 70 கிலோமீட்டர், பாதி வழி மலைப்பாதை. பக்கவாதம் வந்து வாய் கோணிய பெரியவரை "விடிந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுக்க வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மூளையின் பெரிய ரத்தநாளம் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாகக் கணக்கு. கத்தீட்டர் வழியே உறைவை அகற்றுவது பலன் தரும் என்பதை 2015-இல் வெளியான ஐந்து ஆய்வுகள் உறுதிப்படுத்தின. ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய பகுதி மிஞ்சியிருந்தால் 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-இல் தெரிந்தது. ஆனாலும் மலையிலிருந்து வருபவர் தன் நேரத்தில் பெரும்பகுதியை வளைவுகளிலேயே செலவழித்துவிட்டு வருகிறார். எஞ்சிய நேரத்தை மருத்துவரின் தடுமாற்றம் தின்னக்கூடாது.

அனூரிசம் எனப்படும் தமனிச் சுவரின் பலூன் போன்ற வீக்கத்துக்குள் காயில் என்ற கம்பிச் சுருளை வைப்பதிலும் எனக்கு இதே கருத்துதான். தமனி–சிரைப் பின்னல் கோளாறுகளைப் பசை செலுத்தி அடைப்பதில் என் அனுபவம் குறைவு. அதற்கு ஈராண்டுகளும் போதாது என்றே தோன்றுகிறது. வெளிநாட்டுப் பயிற்சிக்கு நான் போனதில்லை, போய்வந்தவர்களைக் கேளுங்கள்.

ஓராண்டு இடங்களை எல்லாம் ஒரே தட்டில் வைக்கவும் மாட்டேன். நோயாளிகள் நிறைய வந்து, இரவு அழைப்புகளில் பயிற்சி மருத்துவரே முதல் கையாக நிற்கும் இடமானால் சேரலாம். நான் வேண்டாம் என்று விட்ட இடத்தில் மேசையில் எப்போதும் மூத்தவர் கைதான் இருந்தது. ஆகவே ஊதியத்தையும் ஒப்பந்தத்தையும் விசாரிப்பதற்கு முன்னால், அங்கே பயிற்சி முடித்து வெளியேறுபவரைப் பிடித்து அவருடைய குறிப்பேட்டைக் கேளுங்கள்.

ஈராண்டு இடத்தில் எனக்கு ஒருவர் காட்டினார். தன் கையால் செய்தவற்றை நீல மையிலும், உதவிக்கு நின்றவற்றைச் சிவப்பிலும் எழுதியிருந்தார். முதல் எட்டுப் பக்கங்கள் ஏறக்குறைய முழுக்கச் சிவப்பு. அதன் பிறகு நீலம் ஏறிக்கொண்டே போனது. அன்று மாலையே சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டேன்.